செந்தமிழன் நேரில் ஆஜராக வேண்டும்

செந்தமிழன் போன ஆகஸ்ட் மாதம் பெங்களூரில் இறந்துபோனார். அதில் ஆஸ்பத்திரிக்குச் சந்தேகம் இல்லை. இருபத்தாறு வருடம் அவர் லேத் ஓட்டிய கம்பெனிக்குச் சந்தேகம் இல்லை. கர்நாடக அரசுக்கும் சந்தேகம் இல்லை. முத்திரை குத்திச் சான்றிதழே கொடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக்குத்தான் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. வந்து சேருவதற்கென்று ஒரு முறை இருந்தது. அந்த முறைப்படி அவர் சாவதற்கு மேலும் ஆறு மாதம் பிடித்தது.

அவருடைய மனைவி பரிமளா அக்டோபர் மாதம் இரண்டு பெட்டி, ஒரு கிரைண்டர், ஒரு வெள்ளை ஸ்கூட்டர் சகிதம் உத்திரமேரூர் பக்கம் தன் அம்மா விட்டுப்போன பூட்டின வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பிள்ளை இல்லை. பெங்களூரில் அவளைத் 'தமிழம்மா' என்பார்கள். இங்கே காலனியில் 'பெங்களூர்க்காரி' என்றார்கள். முதல் வாரம் நாலு பேர் வந்து துக்கம் விசாரித்தார்கள். அதற்கப்புறம் யாரும் செந்தமிழன் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் அழுவாளாம். அழுதால் என்ன, வானமா இடிந்து விழுந்துவிடும்? ஆனால் அதை வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சாயந்திரம் ஆனால் அவள் டி.வி.யைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள்.

வாலாஜாபாத் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். ஆகவே ஸ்கூட்டர் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் சோறு இல்லை. ஸ்கூட்டரோ கர்நாடக நம்பர். அதுவும் செந்தமிழன் பெயரில் இருந்தது.

ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அவர்தான் ஜூன் மாதமே ஓடியாடி, 'இந்த வண்டி வெளி மாநிலம் போக எங்களுக்குத் தடையில்லை' என்று அந்த ஊர் அலுவலகத்தில் என்.ஓ.சி. வாங்கி வைத்திருந்தார். எதையும் முன்கூட்டியே செய்துவைக்கும் மனுஷன். அந்தக் காகிதத்தையும் சாவுச் சான்றிதழையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பரிமளா போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனாள்.

அந்த அலுவலகம் எந்த ஊரில் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் எல்லா ஊர்க்காரர்களும் தங்கள் ஊர் என்று நினைத்துக்கொள்வார்கள், அது போதும். வண்டியைக் காட்ட வேண்டும் என்பதால் வண்டியில்தான் போக வேண்டும். பதிவு மாற்றாத வண்டி என்பதால் வண்டியில் போகக் கூடாது. அவள் ஏரிக்கரை ஓரமாகவே சுற்றிப் போனாள்.

மூன்றாம் கவுண்டரில் சுலோச்சனா இருந்தார். கண்ணாடியை மூக்கின் நுனியில் நிறுத்தி, காகிதங்களைப் பார்த்தார்.

"ஓனர் எங்க?"

"அவரு இல்லீங்க. தவறிட்டாரு."

"எங்க தவறினாரு?"

"பெங்களூர்லங்க."

சுலோச்சனா சாவுச் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"இது அந்த ஸ்டேட்டு சாவும்மா. இங்க செல்லுமான்னு சூப்ரண்ட கேக்கணும்."

கண்காணிப்பாளர் கிருஷ்ணசாமி கெட்டவர் இல்லை. வந்தவர்களை உட்காரச் சொல்வார். நாற்காலி இல்லை என்பது வேறு விஷயம். முழு ஃபைலையும் படித்தார். படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"உணர்ச்சிவசப்படாம கேளும்மா. உன் வூட்டுக்காரரு ஜூன்ல என்.ஓ.சி. வாங்கிட்டாரு. வாங்கின நிமிஷமே வண்டி கர்நாடகாவ வுட்டுச்சு. வண்டி வுட்டா ஓனரும் வுட்டாரு. ஜூன்ல வுட்டுட்டு வந்த ஆளு ஆகஸ்ட்ல அங்க எப்பிடிம்மா சாவ முடியும்?"

"ஆனா செத்துட்டாருங்களே."

"அது அவங்க ரெக்கார்டு. அதுல நா தலையிட மாட்டேன். எங்க ரெக்கார்டுல அவரு இன்னும் வந்தே சேரல. வராத ஆளு போய்ட்டாருன்னு எழுதினா நாளிக்கு ஆடிட்ல எவன் பதில் சொல்றது? மொதல்ல அவரு வரட்டும். வந்து, வண்டிய இங்க அவரு பேர்ல பதியட்டும். அப்புறம் சாவட்டும். செத்த அன்னிக்கே உன் பேருக்கு மாத்திக் குடுக்குறேன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல ஒரு ஃபைலக் கூட நா வரிச மாத்திப் பண்ணினதில்ல."

"அவரு எப்பிடிங்க வருவாரு?"

"அத நா சொல்ல முடியாது. நாங்க லெட்டர் அனுப்புவோம். வர்றதும் வராததும் அவரு இஷ்டம்."

வெளியே ஜெராக்ஸ் கடை நிழலில் படிவம் எழுதிக் கொடுக்கும் சக்திவேல் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "கவலப்படாத அக்கா. உசுரோட கீறவனுக்கே இங்க ஆறு மாசம் ஆவுது. செத்தவருன்னா கொஞ்சம் பொறுமையா வெய்ட் பண்ணுவாரு."

சொன்னபடியே கடிதம் வந்தது. தபால்காரர் காலனி முழுக்கக் கேட்கிற மாதிரி "செந்தமிழன் யாரு? செந்தமிழன்!" என்று கத்திக்கொண்டு வந்தார். பரிமளா மாவுக் கையோடு ஓடினாள். 'திரு. செந்தமிழன் அவர்கள் எதிர்வரும் செவ்வாய்க்கிழமை காலை தவறாது நேரில் ஆஜராக வேண்டும். தவறினால் தங்கள் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.' அவள் இரண்டு தரம் படித்தாள். அந்த வீட்டுக்கு அவள் வந்த பிறகு வந்த முதல் கடிதம் அது. திட்டித்தான் எழுதியிருந்தார்கள், இருந்தாலும் 'திரு' போட்டிருந்தார்கள், 'அவர்கள்' போட்டிருந்தார்கள். கடிதத்தை அவர் சட்டை தொங்கிய ஆணியில் செருகி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மைக்கில் பெயர் கூப்பிட்டார்கள். அந்த அலுவலகத்தில் வண்டிக்காரர் பெயரைத்தான் கூப்பிடுவார்கள்; எதிரே நிற்பவர் யார் என்பது அவர்களுக்கு வேண்டாத விவரம்.

"செந்தமிழன்! செந்தமிழன் வந்துக்கிறாரா?"

பரிமளா கையைத் தூக்கினாள். "அவரு வரலீங்க. நா வந்துக்கிறேன்."

"வரலன்னு எழுதிக்கிறேன். அடுத்த செவ்வா வரச் சொல்லு."

அடுத்த செவ்வாயும் அப்படித்தான். அதற்கடுத்த செவ்வாயும் அப்படித்தான். கேன்டீனில் செவ்வாய்க்கிழமை மட்டும் மதியத்து ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். போகப் போக ஒரு விஷயம் நடந்தது. அவளுக்கே அது வெட்கமாக இருந்தது. அவள் செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். திங்கள் சாயந்திரமே புடவையை மடித்து வைத்தாள். அவளுக்கு ஒன்றும் பைத்தியம் பிடித்துவிடவில்லை. அவர் செத்தது அவளுக்கு நன்றாகத் தெரியும்; அவரைக் குளிப்பாட்டியதே அவள்தான். ஆனால் அவர் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. வரிசையில் நிற்பவர்கள் கூட "இன்னாம்மா, இன்னிக்கும் உங்க வூட்டுக்காரரு வரலியா?" என்று கேட்டார்கள். "வரலீங்க" என்பாள். அதில் பொய் எதுவும் இல்லையே.

இதற்கிடையில் அவளுடைய ஓட்டுநர் உரிமத்தின் விலாசத்தை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு அவள் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறாள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். அவளிடம் வரி ரசீது இல்லை, கரண்ட் பில் அம்மா பெயரில். சுலோச்சனா யோசித்தார், அவருக்கும் இரக்கம் உண்டு.

"இரும்மா. உன் வூட்டுக்காரருக்கு நாங்க மூணு லெட்டர் போட்டோம். மூணும் திரும்பி வர்ல. அப்ப அந்த வூட்ல அவரு கீறாருன்னு அர்த்தம். அவரு கீறாருன்னா அவரு பொண்டாட்டி நீயும் அங்கதான் கீற. முடிஞ்சிச்சு."

பதினைந்தே நாளில் உரிமம் வந்துவிட்டது. உயிரோடிருக்கும் பரிமளா இன்ன இடத்தில் வசிக்கிறாள் என்பதற்குச் செத்துப்போன செந்தமிழன் சாட்சி சொல்லியிருந்தார். உயிரோடிருந்த காலத்தில் கூட அவர் எந்த ஆபீசிலும் அவளுக்காக ஒரு வேலையை இவ்வளவு சீக்கிரம் முடித்துக் கொடுத்ததில்லை.

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு விழா வந்தது. விபத்தில்லாமல் வண்டி ஓட்டிய பத்துப் பேருக்கு விருது கொடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கம்ப்யூட்டரில் தேடினார்கள். அந்த வட்டாரத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோர் மேலும் அபராதம் இருந்தது. அலுவலக ஜீப் மேலேயே நாலு இருந்தது. மனு நிலுவையில் கிடந்த ஒரே ஒரு ஆள் மட்டும் வெளி மாநிலத்திலிருந்து வந்த நாள் முதல் ஹெல்மெட் கேஸ் இல்லை, சிக்னல் கேஸ் இல்லை, வேகக் கேஸ் இல்லை, பளிச்சென்று இருந்தார். பத்துப் பேருக்குப் பதில் ஒருவராகச் செந்தமிழனையே தேர்ந்தெடுத்தார்கள்.

பந்தலில் இருநூறு பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கிருஷ்ணசாமி மைக்கைப் பிடித்தார்.

"மாணவச் செல்வங்களே! வாகனம் ஓட்டுவது எப்படி என்பதைச் செந்தமிழன் அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். இந்த மண்ணுக்கு வந்த நாள் முதல் அவர் வேகமாகச் சென்றாரா? இல்லை. குடித்துவிட்டு ஓட்டினாரா? இல்லை. வண்டியில் உட்கார்ந்து செல்போன் பேசினாரா? அதுவும் இல்லை. எல்லோரும் அவரைப் போல ஆகிவிட்டால் இந்தத் துறைக்கு வேலையே இருக்காது. நாம் அனைவரும் அவர் வழியில் செல்ல உறுதி ஏற்போம்!"

இருநூறு பிள்ளைகளும் கையை நீட்டி உறுதி ஏற்றார்கள். பரிமளா மேடையேறிச் சால்வையை வாங்கிக்கொண்டாள். சிறப்பு விருந்தினர் குனிந்து கேட்டார். "சார் வரலியாம்மா? உடம்புக்கு இன்னா?"

"அவரு செத்துட்டாருங்க."

பேண்டு வாத்தியம் அடித்துக்கொண்டிருந்தது. "சீக்கிரம் குணமாகட்டும்" என்றார் அவர்.

கைதட்டல் ஓயவே நேரமானது. லேத் பட்டறையில் இருபத்தாறு வருடம் எண்ணெயில் கிடந்த மனுஷனுக்கு யாரும் அதுவரை கை தட்டியதில்லை. கேலிக்கூத்து என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அவளுக்குப் பெருமையாக இருந்தது. மேடையில் எடுத்த போட்டோவை அலுவலகப் பலகையில் ஒட்டினார்கள். சால்வையும் கையுமாக அவள் நின்றாள், கீழே 'திரு. செந்தமிழன் விருது பெறுகிறார்' என்று போட்டிருந்தது.

பிப்ரவரியில் கேன்டீன் கான்ட்ராக்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கம்பெனி கேட்டில் இனி எல்லா வண்டிக்கும் தமிழ்நாட்டு ஆர்.சி. காட்ட வேண்டும், மார்ச் ஒன்றாம் தேதிக்குள் காட்டாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்றார். பரிமளா இந்த முறை அழாத குறையாகப் போய்ச் சூப்ரண்டிடம் கேட்டாள். சரி, ஆள் வருகிற வரைக்கும் வண்டியையாவது பார்த்து வைப்போம் என்று அவர் ஃபைலைப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் அனுப்பினார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் கார்த்திக் அந்த அலுவலகத்துக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தான்.

"சார் எப்பம்மா இறந்தாரு?"

பரிமளாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஆறு மாதத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

"ஆகஸ்ட் மாசம் சார். வேலைல கீறப்ப நெஞ்சு வலிச்சிச்சாம். கம்பெனி ஆளுங்க ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய்ட்டு எனக்கு போன் பண்ணாங்க. நா பஸ்ல மாட்டிக்கினேன், ஒரே டிராபிக்கு. பதினோரு மணிக்குப் போய்ட்டாரு. நா போய்ச் சேர்றப்ப பதினொன்னே கால். சாவற வரிக்கும் பேசிக்கினு இருந்தாராம் சார். 'பரிமளா வந்துட்டாளா, பரிமளா வந்துட்டாளா'ன்னு கேட்டுக்கினே இருந்தாராம்."

கார்த்திக் பென்சிலை நிறுத்திவிட்டான். பிறகு ஃபைலில் தன் குறிப்பை எழுதினான்: 'வண்டி நல்ல நிலையில் உள்ளது. உரிமையாளர் உயிருடன் இல்லை.'

அந்த ஒரு வரி அலுவலகத்தைக் கலக்கிவிட்டது. ஐந்து மாதமாக அவள் வாய் வார்த்தையாகச் சொன்னது வேறு. ஃபைலில் ஒரு அதிகாரி எழுதிவிட்டது வேறு. கிருஷ்ணசாமி கதவைச் சாத்தச் சொன்னார்.

"செத்த ஆளுக்காம்மா நா சால்வ போட்டேன்? எரநூறு புள்ளைங்கள அவரு வழில போகச் சொல்லி உறுதிமொழி வாங்கிக்கிறேனே!"

"நாந்தான் மொதல்லயே சொன்னேனேங்க."

"வாயால சொன்ன. வாய்க்கு ஃபைல் நம்பர் கீதா?" வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவருடைய முப்பத்தோரு வருட அனுபவம் அவருக்குக் கை கொடுத்தது. "சரி. ஒண்ணும் குடி முழுகிப் போகல. ஆர்.சி.ய இன்னிக்கே அவரு பேர்ல போட்டுட்றேன், அவார்டு வாங்கின ஆளு, நேர்ல வந்தா மாதிரிதான். அப்புறம் அவரு சாவட்டும். ஆனா ஒண்ணு, இன்னிக்குக் காலைல கூட அவருக்கு லெட்டர் போய்க்கீது. அதனால செத்தா இனிமேதான் சாவணும். நீ ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு: என் கணவர் இன்ன தேதில இறந்தாருன்னு. மறுநாள் வா, உன் பேருக்கு ஆர்.சி. ரெடியா இருக்கும்."

பரிமளா காகிதத்தைப் பார்த்தபடி நின்றாள். கையெழுத்துப் போட்டால் வண்டி அவளுடையது, வேலை போகாது. ஆனால் அதற்கப்புறம் மைக்கில் யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள், தபால்காரர் அவர் பெயரைக் கத்திக்கொண்டு வரமாட்டார். போடாவிட்டால் அவர் செவ்வாய்க்குச் செவ்வாய் இருப்பார், சோறுதான் இருக்காது. பாவி மனுஷி, அதற்கும் ஒரு நிமிடம் யோசிக்கத்தான் செய்தாள். இருந்தால் அவரே தலையில் ஒரு குட்டு வைத்து, போடுடி கையெழுத்தை என்று சொல்லியிருப்பார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

சுலோச்சனா காகிதத்தை வாங்கிப் பேனாவைத் திறந்தார். "எந்தத் தேதி போடட்டும்?"

"நானா சொல்லணும்?"

"பின்ன நானா? உன் வூட்டுக்காரரும்மா."

பரிமளா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழம போடுங்க. அன்னிக்கு எனக்கு லீவு. கூட இருப்பேன்."

"ஞாயித்துக்கிழம ஆபீஸ் லீவும்மா. சிஸ்டம் எடுக்காது. வேல நாளா பாத்துச் சொல்லு."

அவள் விரல் விட்டு எண்ணினாள். செவ்வாய் வேண்டாம் என்று தோன்றியது. "அப்ப வியாழக்கிழம போடுங்க. பதினோரு மணின்னு போடுங்க."

"டைம் கேக்கல."

"பரவால்ல, போடுங்க."

சுலோச்சனா அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். கேட்காத நேரத்தையும் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயந்திரமே பரிமளா கான்ட்ராக்டருக்குப் போன் செய்து வியாழக்கிழமை லீவு கேட்டாள். என்ன விசேஷம் என்று கேட்டார்.

"எங்க வூட்டுக்காரரு சாவறாரு சார்."

"எப்பம்மா?"

"வியாழக்கிழம. பதினோரு மணிக்கு."

கான்ட்ராக்டர் ஆள் பற்றாக்குறையைப் பற்றிச் சொன்னார். கம்பெனி கெடுபிடியைப் பற்றிச் சொன்னார். கடைசியில் அரை நாள் லீவு கொடுத்தார்.

வியாழக்கிழமை அவள் எப்போதும் போல விடிவதற்குள் எழுந்தாள். வீட்டைப் பெருக்கினாள். அவருக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நடுக்கூடத்தில் பாயை விரித்து, அவர் சட்டையை எடுத்து அதன்மேல் போட்டாள். பக்கத்து வீட்டில் யாரோ காய்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டர் வாசலில் நின்றது. யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை, அவளும் யாரையும் கூப்பிடவில்லை. மணி பதினொன்று ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போதே அவள் கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"வந்துட்டேன்" என்றாள்.